கூடுதலா விளைஞ்சதா, கூடுதலா தெரிஞ்சதா?

மூணு வருசத்துக்கு முந்தி எங்க வட்டாரக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு தகவல் சொன்னேன். "மீன் அமிலம் தெளிச்ச வயல்ல மாவுக்கு ரெண்டு மூட்டை கூட வந்திருக்கு. தெளிக்காத வயல்ல வரல." சொன்னது பொய் இல்லை. களத்தில் மூட்டையை எண்ணிவிட்டுத்தான் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். அப்போதுதான் இயற்கை வழிக்கு மாறியிருந்த ஒரு தம்பி அதை நோட்டில் எழுதிக்கொண்டு போனார். மீன் கழிவு வாங்கி, வெல்லம் வாங்கி, நாலு ஏக்கருக்கும் ஆள் வைத்துத் தெளித்தார். ஒரு மூட்டைகூடக் கூடவில்லை. "அண்ணே, உங்க பேச்சைக் கேட்டுத்தான் செஞ்சேன்" என்று சொன்னாரே தவிர சண்டை போடவில்லை. அடுத்த சம்பாவில் அவர் வண்டியில் யூரியா மூட்டை ஏறியதைப் பார்த்தேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். நான் தெளித்த வயல் வாய்மடைப் பக்கம். அதுக்கு முந்தின கோடையில் அந்த வயலில் பத்து ராத்திரி ஆட்டுக்கிடை போட்டிருந்தேன். தெளிக்காத வயலில் கிடையும் இல்லை, தண்ணியும் கடைசியாகத்தான் போய்ச் சேரும். அப்படியென்றால் அந்த ரெண்டு மூட்டை ஆட்டுப் புழுக்கையால் வந்ததா, மடையால் வந்ததா, மீன் அமிலத்தால் வந்ததா? யாராலும் சொல்ல முடியாது. எனக்கு மீன் அமிலத்தின் மேல் ஆசை, அதனால் அதன் பேரில் எழுதிக்கொண்டேன்.

என் தங்கச்சி மகள் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். "எத்தனை வயல்ல பாத்தீங்க மாமா?" என்று கேட்டாள். ரெண்டு என்றேன். "ரெண்டு இல்ல மாமா, ஒண்ணு. தெளிச்சதுல ஒண்ணு, தெளிக்காததுல ஒண்ணு. ஒத்தைக்கு ஒத்தை வச்சு எந்தக் கணக்கும் போட முடியாது" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்த பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர்கள் பயமுறுத்தும். கணக்கு அவ்வளவு மோசமில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், ஒரு வர்க்கமூலம். கைப்பேசியில் இருக்கிற கால்குலேட்டர் போதும்.

எல்லாச் சோதனைக்கும் கேள்வி ஒன்றுதான்

ஒரு வயலைப் பத்துத் துண்டாகப் பிரித்து, எல்லாத் துண்டுக்கும் ஒரே விதை, ஒரே எரு, ஒரே தண்ணீர் கொடுத்து, தனித்தனியாக அறுத்து எடை போட்டுப் பாருங்கள். பத்தும் ஒரே எடை வராது. ஒரு மூலையில் பழைய எருக்குழி இருந்திருக்கும், ஒரு பக்கம் வேப்பமர நிழல் விழும், ஒரு ஓரத்தில் எலி புகுந்திருக்கும். ஒன்றுமே செய்யாமல் வருகிற இந்த ஏற்ற இறக்கம் எல்லா நிலத்திலும் உண்டு. நாம் ஒரு கரைசலைத் தெளித்துவிட்டு வித்தியாசம் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கண்ணில் படுகிற வித்தியாசம், தானாக வருகிற அந்த ஏற்ற இறக்கத்தைத் தாண்டி நிற்கிறதா? புத்தகத்தில் எத்தனை சோதனை இருந்தாலும் எல்லாம் இந்தக் கேள்வியைத்தான் கேட்கின்றன. நாம் அளந்தது எந்த மாதிரி எண், எப்படி அளந்தோம் என்பதைப் பொறுத்துச் சோதனையின் பெயர் மாறுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கணக்குகள் ஆய்வகத்துக்காரர்கள் நம்மை மடக்கக் கண்டுபிடித்தவை என்று நானும் நினைத்திருந்தேன். இவற்றில் பல வயலில் பிறந்தவை. வில்லியம் காசெட் என்பவர் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். ஆலைக்கு வேண்டியது நல்ல பார்லி. எந்த ரகம் நல்லது என்று பார்க்க நூற்றுக்கணக்கான வயல் கிடையாது, கையில் இருப்பது நாலைந்து எண்தான். குறைந்த எண்ணிக்கையை வைத்து எப்படி முடிவு சொல்வது என்று அவர் போட்ட கணக்குதான் 1908-ல் வெளிவந்தது. ஆலைக்காரர்கள் சொந்தப் பெயரில் எழுத விடாததால் 'ஸ்டூடண்ட்', அதாவது மாணவன், என்று பெயர் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் அது ஸ்டூடண்ட் 'டி' சோதனைதான். அடுத்து ரொனால்ட் ஃபிஷர், 1919-ல் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் பண்ணையில் சேர்ந்தவர். அந்தப் பண்ணையை 1843-ல் தொடங்கிய லாஸ், சூப்பர் பாஸ்பேட் செய்து விற்ற உர வியாபாரி. ஆனால் அங்கே பிராட்பாக் என்ற வயலில் அன்று தொடங்கிய சோதனையில் தொழுஉரம் மட்டும் போடுகிற துண்டு ஒன்று இன்னமும் இருக்கிறது, ரசாயன உரத் துண்டுகளுக்கு ஈடு கொடுத்துக்கொண்டு. ஏக்கருக்கு வருசா வருசம் சுமார் 14 டன் எரு போடுகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நம்மில் எத்தனை பேர் வீட்டில் அவ்வளவு மாடு இருக்கிறது!

ஜோடி போட்டுப் பார்ப்பது

நமக்கு அதிகம் தேவைப்படுவது ஜோடிக் கணக்குதான். அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: பஞ்சகவ்யா தெளித்தால் நெல் கூடுகிறதா? எட்டு வயல் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுடையதாகவே இருக்க வேண்டியதில்லை. எட்டு உழவர் ஆளுக்கு ஒரு வயல் கொடுத்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு வயலையும் இரண்டாகப் பிரியுங்கள். எந்தப் பாதிக்குத் தெளிப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். காசைச் சுண்டி, பூவா தலையா போட்டு முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியாகச் சுண்ட வேண்டும். காசெட்டுக்கும் ஃபிஷருக்கும் இந்த விசயத்தில் வருசக்கணக்காகச் சண்டை. மாற்றி மாற்றி வரிசையாக வைத்தாலே போதும் என்றார் காசெட். குலுக்கல்தான் வேண்டும் என்றார் ஃபிஷர். நான் ஃபிஷர் கட்சி. நல்ல பாதியைத் தேடிப் பிடித்துத் தெளிக்கும் கை என் கை என்பது எனக்குத் தெரியும்.

தெளிக்கிற பாதிக்கு 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி பஞ்சகவ்யா என்றால், தெளிக்காத பாதிக்கு அதே நாளில் அதே அளவு வெறும் தண்ணீர் தெளியுங்கள். இல்லையென்றால் தண்ணீரின் பலன் பஞ்சகவ்யா கணக்கில் சேர்ந்துவிடும். நடுவில் சில வரிசை விட்டுவிடுங்கள், காற்றில் சாரல் அடிக்கும். அறுவடைக்கு, அரசு மகசூல் மதிப்பீட்டில் நெல்லுக்குச் செய்கிற மாதிரி 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டு அறுத்தால் போதும். கட்டம் எங்கே விழ வேண்டும் என்பதைக் கதிர் வருவதற்கு முன்னாலேயே குலுக்கலில் முடிவு செய்து முளைக்குச்சி அடித்துவிடுங்கள். கதிர் வந்த பிறகு போனால் கால் தானாக நல்ல இடத்துக்குப் போகும். அந்தக் கட்டம் 25 சதுர மீட்டர். ஏக்கரில் கிட்டத்தட்ட 162-ல் ஒரு பங்கு. கட்டத்தில் வந்த கிலோவை 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு.

இப்போது எட்டு வயலில் வந்த எடை என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை. யார் வயலிலும் அறுத்தவை இல்லை. தெளித்த பாதியில் முறையே 9.8, 8.4, 10.2, 7.9, 9.0, 11.1, 8.7, 9.5 கிலோ. தெளிக்காத பாதியில் 9.1, 8.6, 9.3, 7.4, 8.8, 10.0, 8.4, 9.0 கிலோ.

ஒவ்வொரு வயலிலும் கழித்துப் பாருங்கள். 0.7, கழித்தல் 0.2, 0.9, 0.5, 0.2, 1.1, 0.3, 0.5. கூட்டினால் 4.0. எட்டால் வகுத்தால் சராசரி வித்தியாசம் 0.5 கிலோ. இனி இந்த எட்டு வித்தியாசமும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 0.5-ஐக் கழித்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள்: 1.18 வரும். எட்டு வயல் என்பதால் ஒன்று குறைத்து ஏழால் வகுத்தால் 0.1686. இதன் வர்க்கமூலம் 0.41. பள்ளிக்கூடத்தில் படித்த திட்ட விலக்கம்தான் இது. இதை எட்டின் வர்க்கமூலமான 2.83-ஆல் வகுத்தால் 0.145. சராசரி வித்தியாசம் 0.5-ஐ இந்த 0.145-ஆல் வகுத்தால் 3.44. இதுதான் 'டி'.

புள்ளியியல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு அட்டவணை இருக்கும். எட்டு ஜோடிக்கு அது கேட்பது 2.365. நமக்கு வந்தது அதைவிடப் பெரிசு. பஞ்சகவ்யாவால் ஒரு பயனும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், இவ்வளவு பெரிய 'டி' தற்செயலாக வருவது இருபதில் ஒரு தடவைக்கும் குறைவு என்று அர்த்தம். இருபதில் ஒன்று என்பது சாமி கொடுத்த எண் இல்லை. வசதியான எல்லை என்று ஃபிஷர் வைத்தார், ஊர் பிடித்துக்கொண்டது.

முக்கியமான இடம் இங்கேதான். இதே பதினாறு எண்ணை ஜோடி சேர்க்காமல், எட்டு ஒரு குவியல், எட்டு இன்னொரு குவியல் என்று தனித்தனியாக வைத்து, இரண்டு குழு 'டி' சோதனை போட்டால் என்ன வரும்? 1.10. அதற்கு அட்டவணை கேட்பது 2.145. 'வித்தியாசம் நிரூபணமாகவில்லை' என்று வந்துவிடும்! எண்கள் ஒன்றுதான், சராசரியும் ஒன்றுதான். ஆனால் வயலுக்கு வயல் இருக்கிற வித்தியாசம், 7 கிலோ வயலும் 11 கிலோ வயலும் கலந்து கிடப்பது, நாம் தேடுகிற அரை கிலோவை விழுங்கிவிடுகிறது. ஜோடி போடும்போது நல்ல வயல் தன்னோடு தானே போட்டி போடுகிறது. ஆக, ஜோடியாகச் செய்த சோதனையைத் தனித்தனிக் குழுவாகக் கணக்குப் போட்டால் உழைப்பு வீண். அதேபோல, ஜோடியே இல்லாமல் என் வயல் எட்டையும் உங்க வயல் எட்டையும் ஒப்பிட்டுவிட்டு, அப்புறம் இஷ்டத்துக்கு ஜோடி சேர்ப்பது மோசடி. கணினி இருந்தால் எக்செல்லில் 'டி டெஸ்ட்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. கடைசியில் 1 போட்டால் ஜோடிக் கணக்கு, 2 அல்லது 3 போட்டால் தனிக் குழுக் கணக்கு. இரண்டு குழுவின் ஏற்ற இறக்கமும் ஒரே மாதிரி இருக்குமா என்று சந்தேகம் இருந்தால் 3 போடுங்கள். அந்த ஒரு எண்ணை மாற்றிப் போட்டுத் தப்பு முடிவுக்கு வருகிறவர்கள் படித்தவர்களிலும் உண்டு.

சரி, கூடுகிறது. எவ்வளவு? அரை கிலோவை 162-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு 81 கிலோ. ஆனால் எட்டு வயலை வைத்து 81 என்று அடித்துச் சொல்ல முடியாது. 0.145-ஐ 2.365-ஆல் பெருக்கி, 0.5-லிருந்து ஒருமுறை கழியுங்கள், ஒருமுறை கூட்டுங்கள். 0.16 முதல் 0.84 வரை. ஏக்கருக்கு 25 கிலோவாகவும் இருக்கலாம், 136 கிலோவாகவும் இருக்கலாம். 25 கிலோ நெல்லுக்கு வரும் காசு தெளிப்புக் கூலிக்குக் காணுமா என்பதை அவரவர் ஊர்க் கூலியை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பேசும்போது 'கூடியது' என்று மட்டும் சொல்லாமல் இந்த இரண்டு எண்ணையும் சொல்ல வேண்டும் என்பது இப்போது என் கட்சி. அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருந்தால் அந்தத் தம்பி நாலு ஏக்கரிலும் இறங்கியிருக்க மாட்டார்.

எண்ணே தேவைப்படாத கணக்கு

எடை போட வசதி இல்லை, எந்தப் பாதி நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும் என்றாலும் வழி இருக்கிறது. குறிச் சோதனை என்பார்கள். நான் பூவா தலையா கணக்கு என்பேன். தெளித்த பாதி ஜெயித்தால் கூட்டல் குறி, தோற்றால் கழித்தல் குறி. பஞ்சகவ்யாவால் ஒரு பலனும் இல்லையென்றால் ஒவ்வொரு வயலும் காசு சுண்டுவது மாதிரிதான். எட்டு முறை சுண்டினால் 256 விதமாக விழலாம். எட்டும் ஒரே பக்கம் விழுவது 2 விதம். ஏழோ எட்டோ ஒரே பக்கம் விழுவது 18 விதம். நம் உதாரணத்தில் எட்டுக்கு ஏழு. 256-ல் 18 என்பது நூற்றுக்கு ஏழு. இருபதில் ஒன்று என்ற எல்லைக்குள் வரவில்லை. அஞ்சு வயலில் அஞ்சும் ஜெயித்தால்கூட நூற்றுக்கு ஆறுக்கு மேல் வருகிறது. ஆகவே ஆறு ஜோடிக்குக் குறைவாக இந்தக் கணக்கைத் தொடங்கவே வேண்டாம். பத்து வயல் என்றால் ஒன்பதாவது ஜெயிக்க வேண்டும், எட்டு போதாது.

இதற்கும் 'டி'-க்கும் நடுவில் ஒரு வழி உண்டு, வில்காக்ஸன் சோதனை. வில்காக்ஸன் பூச்சிக்கொல்லி ஆராய்ச்சியில் இருந்த அமெரிக்க வேதியியல்காரர். அவர் விற்றதை விட்டுவிட்டு கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1945-ல் எழுதினார். வித்தியாசங்களைக் குறி பார்க்காமல் சின்னதிலிருந்து பெரிசுக்கு வரிசைப்படுத்தி 1, 2, 3 என்று இடம் கொடுங்கள். இரண்டு சமமாக இருந்தால் இரண்டு இடத்தையும் கூட்டிப் பாதி பாதி. நம் உதாரணத்தில் கழித்தல் குறி உள்ளது ஒன்றே ஒன்று, 0.2. அதே 0.2 கூட்டல் குறியோடும் இருப்பதால் ஆளுக்கு 1.5. கழித்தல் பக்கத்தின் கூட்டுத்தொகை 1.5. எட்டு ஜோடிக்கு அது 3 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் வித்தியாசம் உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆறு ஜோடிக்கு 0, ஏழுக்கு 2, ஒன்பதுக்கு 5, பத்துக்கு 8. இந்த அஞ்சு எண்ணையும் நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். இலைச்சுருட்டுத் தாக்குதலுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிற மாதிரி வேலைக்கும், ஒரு வயலில் மட்டும் எலி புகுந்து எண் தாறுமாறாகப் போயிருந்தாலும் 'டி'-யை விட இதுதான் பொருத்தம். ஜோடி இல்லாத இரண்டு குழுவுக்கு இதே மாதிரி இடம் கொடுத்துப் பார்ப்பது மான்–விட்னி சோதனை.

எந்தச் சோதனை என்பதை விதைப்புக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள் என்று சொல்வதற்கு ஒரு பழைய கதை காரணம். சார்லஸ் டார்வின் மக்காச்சோளத்தில் அயல் மகரந்தச் சேர்க்கையில் வந்த செடியையும் தன் மகரந்தத்தில் வந்த செடியையும் 15 ஜோடியாக வளர்த்து உயரம் அளந்தார். 1876-ல் வந்த புத்தகத்தில் அந்த எண்கள் இருக்கின்றன. 15-ல் 13 ஜோடியில் அயல் சேர்க்கைச் செடி உயரம். பூவா தலையா கணக்கில் இது தற்செயலாக வர நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஃபிஷர் 1935-ல் அதே எண்ணுக்கு ஜோடி 'டி' போட்டார். 2.148 வந்தது. அட்டவணை கேட்பது 2.145. மயிரிழையில் தப்பியது. தோற்ற இரண்டு ஜோடியும் கொஞ்சமாகத் தோற்கவில்லை, பலமாகத் தோற்றன, அதுதான் காரணம். எல்லாச் சோதனையையும் போட்டுப் பார்த்து நமக்குப் பிடித்த முடிவு தருவதை எடுத்துக்கொண்டால், ஆட்டுக்கிடை வயலில் நான் செய்ததும் அதுவும் ஒன்றுதான்.

முளைத்தது எத்தனை, முளைக்காதது எத்தனை

எடையோ உயரமோ இல்லாமல், இது அல்லது அது என்று எண்ணுகிற விசயங்களும் உண்டு. விதை முளைத்தது, முளைக்கவில்லை. கன்று பிழைத்தது, செத்தது. இதற்கு 'டி' சரிப்படாது. கை ஸ்கொயர் சோதனை வேண்டும்.

பீஜாமிர்தத்தில் நனைத்த 100 விதையில் 94, நனைக்காத 100-ல் 82 முளைத்தன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200-ல் 176. பீஜாமிர்தத்தால் பலன் இல்லையென்றால் ஒவ்வொரு நூற்றிலும் 88 முளைத்து 12 முளைக்காமல் இருந்திருக்க வேண்டும். எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் நாலு இடத்திலும் வித்தியாசம் 6. ஆறை ஆறால் பெருக்கினால் 36. அதை எதிர்பார்த்த எண்ணால் வகுக்க வேண்டும்: 88-ஆல் இரண்டு தடவை, 12-ஆல் இரண்டு தடவை. கூட்டினால் 6.82. இந்த மாதிரி ரெண்டுக்கு ரெண்டு கட்டத்துக்கு எல்லை 3.84. தாண்டிவிட்டது. இதே விகிதத்தில் 50 விதைக்கு 47-ம் 41-ம் என்று வந்திருந்தால்? 3.41 தான். சதவீதம் மாறவில்லை, ஆனால் சொல்ல முடியாது. முளைப்புத் திறனைச் சதவீதமாக மட்டும் சொல்கிறவரிடம் எத்தனை விதை போட்டீர்கள் என்று கேட்காமல் விடாதீர்கள்.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்தேன். 100 விதையையும் ஒரே தட்டில் போட்டு, அந்தத் தட்டை நிழலிலும் மற்றதை வெயிலிலும் வைத்துவிட்டு 200 விதை என்று கணக்குப் போட முடியாது. அப்போது இருப்பது ரெண்டு தட்டுதான். வயலிலும் அப்படியே. தெளித்த ஒரே வயலில் நூறு குத்தில் தூர் எண்ணிக்கொண்டு வந்து 'நூறு மாதிரி' என்பார்கள். ஒரே ஆளிடம் நூறு தடவை சாட்சி கேட்பது அது. எதற்குக் காசு சுண்டினோமோ அதுதான் ஒரு மாதிரி. தட்டுக்குச் சுண்டினால் தட்டு, பாத்திக்குச் சுண்டினால் பாத்தி.

மூன்று நாலு கரைசலை ஒன்றாக ஒப்பிட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டிரண்டாக எடுத்து 'டி' போட்டுக்கொண்டே போகாதீர்கள். ஒன்றுக்கும் பலனில்லை என்றாலும் இருபது தடவை சோதித்தால் சராசரியாக ஒரு தடவை 'வித்தியாசம் உண்டு' என்று வரும். அந்த எல்லையின் அர்த்தமே அதுதானே. அஞ்சு கரைசல் என்றால் ஜோடி மட்டும் பத்து. இதற்கு ஃபிஷர் கொடுத்ததுதான் அனோவா: குழுக்களுக்கு இடையே உள்ள ஏற்ற இறக்கத்தையும் குழுவுக்கு உள்ளே உள்ள ஏற்ற இறக்கத்தையும் ஒரே தடவையில் ஒப்பிடுவது. கையால் போடலாம், ஆனால் நான் போடுவதில்லை, மருமகளிடம் அனுப்பிவிடுவேன். உழவர் சோதனைக்கு ஒரு பருவத்தில் ஒரே கேள்வி, ரெண்டே பாதி என்பதுதான் என் அபிப்பிராயம்.

மண்புழு அதிகம் இருக்கிற வயலில் விளைச்சல் அதிகமா என்று கேட்டால், அது குழுக்களை ஒப்பிடுவதில்லை. இரண்டு அளவு சேர்ந்து போகிறதா என்ற கேள்வி. ஒட்டுறவுக் கெழு என்று பன்னிரண்டாம் வகுப்பிலேயே இருக்கிறது. 1-க்கு நெருங்கினால் சேர்ந்து ஏறுகிறது, கழித்தல் 1 என்றால் ஒன்று ஏற ஒன்று இறங்குகிறது. பத்து வயல் வைத்துப் பார்த்தால் 0.632-க்கு மேலாவது வர வேண்டும். இருபது வயலுக்கு 0.444 போதும். எல்லை தாண்டினாலும், மண்புழுதான் விளைச்சலைக் கூட்டியது என்று ஆகிவிடாது. எரு நிறையப் போட்ட வயலில் புழுவும் கூடும், நெல்லும் கூடும். காரணம் தெரிய வேண்டுமென்றால் மறுபடி காசைத்தான் சுண்ட வேண்டும்.

நாமும் செய்கிற ஒரு தப்பு

'இயற்கை வயலுக்கும் ரசாயன வயலுக்கும் விளைச்சலில் வித்தியாசம் இல்லை என்று சோதனையில் தெரிந்தது' என்று நம் பக்கத்து ஆட்களும் பேசுகிறார்கள். மூன்று துண்டு வைத்து 'டி' போட்டால் எதை ஒப்பிட்டாலும் பெரும்பாலும் 'வித்தியாசம் தெரியவில்லை' என்றுதான் வரும். தெரியவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. மேலே நான் செய்த மாதிரி எங்கிருந்து எதுவரை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 500 கிலோ குறைவு முதல் 400 கிலோ அதிகம் வரை என்று வந்தால், அந்தச் சோதனை ஒன்றுமே சொல்லவில்லை என்றுதான் பொருள். இதே தந்திரத்தை எதிர்ப் பக்கத்தார் 'பஞ்சகவ்யாவால் பயனில்லை' என்று சொல்லப் பயன்படுத்தும்போது நமக்குக் கோபம் வருகிறது, இல்லையா.

இந்தச் சம்பாவுக்கு எங்கள் வட்டாரத்தில் எட்டுப் பேர் சேர்ந்து மீன் அமிலத்தையே மறுபடி சோதிக்கிறோம். ஆளுக்கு ஒரு மா, வரப்பு கட்டாமல் கயிறு பிடித்து ரெண்டு பாதி. முன்பு நான் சொன்னதைக் கேட்டு நட்டப்பட்ட தம்பியிடமும் போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஒரு மா தர்றேண்ணே. யூரியா அதுல போடல. ஆனா காசை நான்தான் சுண்டுவேன்" என்றார். சுண்டினார். அவருக்குக் கிழக்குப் பாதி விழுந்திருக்கிறது, தண்ணி கடைசியாகப் போகிற பக்கம். மாற்றிக்கொள்ளலாமா என்று எனக்கு வாய் வரை வந்தது, கேட்கவில்லை. தை கடைசியில் அறுப்பு. எட்டு ஜோடி எண்ணும் எப்படி வந்தாலும் இதே இதழுக்கு எழுதி அனுப்புகிறேன்.